எனாமல் வார்ப்பிரும்புச் சட்டி: சூடு தங்குவது வேறு, பரவுவது வேறு

எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டியைப் பற்றி நம்மிடையே மூன்று கருத்துகள் சுற்றி வருகின்றன. இரும்பில் சமைப்பதால் உடம்புக்கு இரும்புச்சத்து கிடைக்கும் என்பது ஒன்று. மூடி கனமாக இருப்பதால் குக்கர் மாதிரி வேலை செய்யும் என்பது இன்னொன்று. சூட்டை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும், அதனால் அடிபிடிக்காது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. சட்டி நல்ல சட்டிதான். ஆசையாக வாங்கிய பலர் அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிடுவதற்கு இந்த எதிர்பார்ப்புகளே காரணம் என்று நினைக்கிறேன்.

கடைகளில் டச் ஓவன் என்ற பெயரில் விற்கும் இந்தச் சட்டி மலிவானதில்லை. 24 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று மூடியோடு சேர்த்து ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். தீயைக் குறை, காலியாகச் சுடவைக்காதே, குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே என்று அதனோடு ஒரு விதிப்பட்டியலும் வரும். பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் இரும்பு எப்படி நடந்துகொள்ளும், மேலே இருக்கும் பூச்சு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துவிட்டால் விதிகள் தாமாகவே புரிந்துவிடும்.

## தோசைக்கல்லிலிருந்து தொடங்குவோம்

கனமான இரும்புத் தோசைக்கல்லையும் மெல்லிய நான்ஸ்டிக் தவாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். தவா சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் மாவை ஊற்றியதும் சூடு சட்டென்று இறங்கிவிடும். இரும்புக்கல் காய நேரம் எடுக்கும். காய்ந்தபின் மாவு விழுந்தாலும் அதன் சூடு அவ்வளவாகக் குறையாது. அடுத்தடுத்துத் தோசை வார்த்தால், தண்ணீர் தெளித்துச் சூட்டை அடக்க வேண்டியிருக்கும்.

அதே கல்லில் இன்னொன்றையும் பார்த்திருப்பீர்கள். கல் பெரிதாகவும் அடுப்பின் தீ சிறிதாகவும் இருந்தால் தோசையின் நடு சிவந்துவிடும், ஓரம் வெளுத்தே கிடக்கும். கல்லுக்குள் சூடு நிறைய இருந்தும், நடுவிலிருந்து ஓரத்துக்கு அது மெதுவாகத்தான் நகர்கிறது.

இந்த இரண்டும் வெவ்வேறு குணங்கள். ஒரு பொருளுக்குள் சூடு எவ்வளவு வேகமாக நகரும் என்பது வெப்பக் கடத்துதிறன். ஒரு டிகிரி சூடேற அந்தப் பாத்திரம் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கும் என்பது வெப்பக் கொள்ளளவு. கடத்துதிறனில் வார்ப்பிரும்பு சுமார்தான். அலுமினியம் அதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும், செம்பு ஏழெட்டு மடங்கு. எவர்சில்வர் இரும்பைவிடவும் மந்தம். அதனால்தான் நல்ல எவர்சில்வர் பாத்திரங்களின் அடியில் அலுமினியமோ செம்போ வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆக, சமமாகப் பரப்பும் என்ற பேச்சு வார்ப்பிரும்புக்குப் பொருந்தாது. அது சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். பரப்புவதற்கு நாம் நேரம் கொடுக்க வேண்டும்.

## இரும்பின் மகிமையா, எடையின் மகிமையா?

இங்கேயும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் அலுமினியம்தான் இரும்பைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஏன் இரும்புச்சட்டி ஜெயிக்கிறது? எடையால்தான். மூடியில்லாமல் சட்டி மட்டும் 3 கிலோ இருந்தால், 30 டிகிரி செல்சியஸிலிருந்து 180 டிகிரிக்குப் போக அது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கிலோஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. அரைக் கிலோ எடையுள்ள மெல்லிய அலுமினியச் சட்டி அதே சூட்டுக்குப் போக 70 கிலோஜூல் அளவில் போதும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஆட்டுக்கறியை இரண்டிலும் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். மெல்லிய சட்டியிடம் கையிருப்பு குறைவு. கறி அதை உறிஞ்சிக்கொண்டதும் சட்டி குளிர்ந்துவிடும், கறி தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வேகத் தொடங்கும். கனமான சட்டி தாக்குப்பிடிக்கும். இறைச்சியின் மேல்பகுதி 140 டிகிரியைத் தாண்டும்போதுதான் வேகமாகச் சிவந்து வறுத்த மணம் வரும். அந்தச் சூட்டைக் கனமான சட்டியில்தான் எளிதாகத் தக்கவைக்க முடியும்.

இவ்வளவு தடிமன் ஏன் என்றால், வார்ப்பிரும்பைத் தட்டி மெல்லிசாக்க முடியாது. 2 முதல் 4 விழுக்காடு கரி கலந்த அந்த இரும்பு உடையக்கூடியது. உருக்கி, மணல் அச்சில் ஊற்றித்தான் உருவம் கொடுக்க வேண்டும். மணலில் இரும்புச்சட்டி வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை வாங்கினார். அப்புறம் 1925இல், வட பிரான்சின் ஃப்ரெஸ்னாய்-லெ-கிராண்ட் என்ற ஊரில் இரும்பு வார்ப்பவர் ஒருவரும் எனாமல் பூசுபவர் ஒருவரும் கைகோத்துத் தொடங்கியதுதான் லெ க்ரூசே என்ற எனாமல் சட்டி நிறுவனம். இன்று பல நாடுகளில், பல விலைகளில் இந்தச் சட்டி தயாராகிறது. வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

## எனாமல் என்பது கண்ணாடி

எனாமலைப் பெயின்ட் என்று சிலர் நினைக்கிறார்கள், சிலர் நான்ஸ்டிக் பூச்சு என்று. இரண்டும் இல்லை. கண்ணாடியை மாவுபோல் பொடித்து, இரும்பின்மேல் பூசி, 800 டிகிரி வாக்கில் உலையில் வைத்து உருக்குகிறார்கள். உருகிய கண்ணாடி இரும்போடு ஒட்டி இறுகிவிடும். அந்தக் கண்ணாடித் தோல்தான் எனாமல். உட்புறம் வெள்ளையாகவோ மணல் நிறத்திலோ இருந்தால் பளபளப்பில் கண்ணாடி என்று தெரிந்துவிடும். சில சட்டிகளின் உட்புறம் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். அதைப் பார்த்து வெறும் இரும்பு என்று நினைத்துவிடாதீர்கள், அதுவும் எனாமல்தான்.

இதிலிருந்து பல சந்தேகங்களுக்கு விடை கிடைத்துவிடுகிறது.

முதலில் இரும்புச்சத்து. நீங்கள் சமைக்கும் குழம்பு இரும்பைத் தொடவே தொடாது, கண்ணாடியைத்தான் தொடும். எனவே எனாமல் சட்டியிலிருந்து இரும்புச்சத்து கிடைக்காது. பூச்சில்லாத வெறும் இரும்புச் சட்டியில், அதுவும் புளிப்பான குழம்பு வைக்கும்போது, கொஞ்சம் இரும்பு உணவில் இறங்குவது உண்மை. இரத்தச்சோகை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்குப் பதிலாக எனாமல் சட்டியை நம்பி இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, புளி. வெறும் இரும்பில் புளிக்குழம்பு வைத்து இரவு முழுக்க விட்டால் நிறம் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்போடு வினைபுரிவதுதான் காரணம். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. மீன் குழம்பு, வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு எல்லாவற்றையும் தைரியமாக வைக்கலாம். நம் சமையலுக்கு இந்தச் சட்டி பொருந்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. சிங்கப்பூரில் புதிய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாறி இண்டக்‌ஷன் அடுப்பு பொருத்திக்கொண்டவர்கள் மண்சட்டியை அதன்மேல் வைத்தால் சூடேறாது. இண்டக்‌ஷன் அடுப்பு காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தை உண்டாக்கிச் சூடாக்குகிறது, அதற்கு இரும்பு போன்ற உலோகம் வேண்டும். புளிப்பையும் தாங்கி, இண்டக்‌ஷனிலும் வேலை செய்து, மண்சட்டியைப்போல நிதானமாகச் சூடு பிடிக்கும் பாத்திரம் தேடுபவர்களுக்கு எனாமல் வார்ப்பிரும்பையே நான் சொல்வேன்.

மூன்றாவது, பழக்குதல். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சுட்டுப் பழக்குவோமே, அது எனாமலுக்குத் தேவையில்லை. கழுவிவிட்டு அன்றைக்கே சமைக்கலாம். ஆனால் பழகிய தோசைக்கல் போலவோ நான்ஸ்டிக் போலவோ இது வழுக்காது. முட்டை ஒட்டும், மீன் ஒட்டும். வறுத்த கறியும் முதலில் ஒட்டி, சிவந்தபின் தானாக விடும்.

சுருக்கமாக: சூட்டைக் கவனித்துக்கொள்வது இரும்பு, உணவைத் தொடுவது கண்ணாடி. இரும்புக்குரிய சத்தும் வாடையும் உணவுக்கு வராது.

## கண்ணாடி எப்போது விரிசல் விடும்?

கண்ணாடியை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. எனாமல் செய்பவர்கள் இதைத் தெரிந்துதான் கலவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உலையிலிருந்து வெளியே வந்து குளிரும்போது இரும்பு கண்ணாடியைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் கண்ணாடித் தோல் எப்போதும் லேசாக இறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். அந்த இறுக்கம்தான் அதன் பலம்.

சூடான சட்டியில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? மேல்தோலான கண்ணாடி உடனே சுருங்கப் பார்க்கும். அடியிலிருக்கும் இரும்பு இன்னும் சூடாக, விரிந்தே இருக்கும். கண்ணாடி இழுபடும், நூல்நூலாக விரிசல் விடும். திடீர்ச் சூட்டு மாற்றத்தால் ஒரு பொருள் இப்படி உடைவதற்கு வெப்ப அதிர்ச்சி என்று பெயர். குளிர்பெட்டியில் இருந்த சட்டியை நேராகப் பெரிய தீயில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

காலிச் சட்டியை அதிகச் சூட்டில் வைப்பது இன்னும் மோசம், அதுவும் இண்டக்‌ஷனில். அடுப்பின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு நேர்மேலே இருக்கும் வளையம் மட்டும் சில நிமிடங்களில் கொதித்துப்போகும். இரும்பு மெதுவாகக் கடத்துவதால் ஓரங்கள் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஒரே சட்டியின் ஒரு பகுதி விரிந்து இன்னொரு பகுதி விரியாமல் இருந்தால் பூச்சுக்கு ஆபத்து. இண்டக்‌ஷன் அடுப்புகளில் உள்ள பூஸ்ட் பொத்தானை இந்தச் சட்டிக்குத் தொடவே வேண்டாம். தண்ணீர் கொதிக்கவைக்க அவசரம் என்றால் கெட்டிலில் கொதிக்கவைத்து ஊற்றுங்கள்.

கேஸ் அடுப்பிலும் இதே நிதானம் வேண்டும். சிறுதீக்கும் நடுத்தரத் தீக்கும் மேல் போக வேண்டிய தேவை இந்தச் சட்டிக்கு அநேகமாக வராது. எண்ணெய் விட்டு, நடுத்தரத்துக்குக் கீழே வைத்து நான்கைந்து நிமிடம் பொறுத்தால் சூடு ஓரம்வரை பரவிவிடும்.

## மூடிக்குள் நடப்பது

இப்போது குக்கர் கதைக்கு வருவோம். மூடி கனம்தான், ஆனால் எவ்வளவு? 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 24 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 450 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மேலும் மூடி நாலரை கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது. பிரஷர் குக்கரின் வெயிட் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். இருநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. நம் சட்டிக்குள் கொதிநிலை பத்தில் ஒரு டிகிரி உயர்ந்தாலே அதிகம். தவிர, ரப்பர் வளையம் இல்லாததால் ஆவி ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும்.

அப்படியென்றால் மூடிக்கு என்ன வேலை? ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 290 கிலோஜூல் வேண்டும். அதே தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும், ஏழெட்டு மடங்கு. திறந்த சட்டியில் குழம்பு கொதிக்கும்போது சட்டிக்குள் போகும் சூட்டில் பெரும்பகுதி ஆவியோடு பறந்து சமையலறையைத்தான் சூடாக்குகிறது. கனமான மூடி நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தால் ஆவியில் பெரும்பகுதி மூடியில் பட்டுக் குளிர்ந்து, தண்ணீராகி, திரும்பக் குழம்பில் விழும். குழம்பு வற்றாது, தீயையும் மிகச் சிறிதாக வைத்துக்கொள்ளலாம். சில மூடிகளின் உட்புறம் சிறு புடைப்புகள் இருக்கும், நீர் பரவலாக விழுவதற்காக. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சுவையில் பெரிதாக ஒன்றும் குறையாது.

அப்புறம் நேரம். ஆட்டின் தொடை, மாட்டின் கால் போன்ற உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற சவ்வுப் புரதம் நிறைய உண்டு. அதுதான் கறியை ரப்பராக்குவது. 80 முதல் 95 டிகிரிச் சூட்டில் பொறுமையாக வைத்தால் அது கரைந்து ஜெலட்டினாகி, குழம்புக்கு வழவழப்பைக் கொடுக்கும். குக்கர் இதை அரைமணியில் முடித்துவிடும். டச் ஓவன் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். ஆனால் நடுநடுவே திறந்து பார்க்கலாம், உப்பு சரிபார்க்கலாம், கறி குழைவதற்குமுன் நிறுத்தலாம். அவசரமான வேலைநாளில் நான் குக்கரைத்தான் எடுப்பேன்.

ஆக, மூடி ஈரத்தைக் காக்கிறது. அழுத்தம் கொடுப்பதில்லை.

## ஆட்டுக்கறிக் குழம்பில் இதெல்லாம் எங்கே வருகிறது

தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய ஒரு கிலோ எலும்புக்கறி என்று வைத்துக்கொள்வோம். கறியைத் துடைத்து ஈரம் போக்குங்கள், ஈரம் இருந்தால் சட்டியின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும். சட்டியில் எண்ணெய் விட்டு மெதுவாகக் காயவிட்டு, கறியை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டுச் சிவக்க வறுத்து எடுத்துவையுங்கள். கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் ஒரே தடவையில் ஒரு கிலோவைக் கொட்டினால் தீர்ந்துபோகும்.

தாளிப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மெல்லிய வாணலியில் கடுகு வெடித்ததும் அடுப்பைக் குறைத்தால் சூடும் கூடவே குறையும். இந்தச் சட்டி அப்படிக் கேட்காது. அடுப்பை அணைத்த பிறகும் பல நிமிடம் அதே சூட்டில் நிற்கும். எனவே கடுகு வெடிக்கத் தொடங்கியதுமே தீயைக் குறைத்து, உடனே வெங்காயத்தைப் போடுங்கள். வெங்காயத்தின் நீர் சூட்டை இறக்கும். காய்ந்த மிளகாய், பூண்டு, மசாலாத்தூள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தக்காளி போட்டதும் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தை மரக்கரண்டியால் சுரண்டிக் கலந்துவிடுங்கள். அது கருகல் இல்லை, கறியின் சுவையே அங்கேதான் சேர்ந்திருக்கிறது. வெளிர்நிற எனாமலில் அது சிவந்திருக்கிறதா, கறுத்துவிட்டதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கறியைத் திரும்பப் போட்டு, வழக்கத்தைவிடக் குறைவாகத் தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். ஒரு கொதி வந்ததும் இருப்பதிலேயே சிறிய தீ போதும். தேங்காய்ப்பால் சேர்ப்பதாக இருந்தால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் சட்டியின் சூட்டிலேயே கொதித்துத் திரிந்துவிடலாம்.

பிரியாணிக்கு இந்தச் சட்டி அற்புதம். தம் போடும்போது கீழே மட்டும் தீ இருந்தால் அடி கருகும் என்றுதான் அந்தக் காலத்தில் மூடிமேல் தணல் போட்டார்கள். மின்சார ஓவன் இருந்தால் சட்டியோடு 160 டிகிரியில் அரைமணி வைத்துவிடலாம், நாலாபக்கமும் ஒரே சூடு கிடைக்கும். மூடியின் பிடி பிளாஸ்டிக் வகையாக இருந்தால் எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரசத்துக்கு மட்டும் இது வேண்டாம். ரசம் நுரைகட்டியதும் இறக்க வேண்டும், இந்தச் சட்டி அணைத்தபிறகும் அதைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கும். கீரைக்கும் அதே காரணத்தால் வேண்டாம்.

## கழுவுவதும் வைப்பதும்

சட்டி தானாக ஆறட்டும், அப்புறம் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கழுவுங்கள். அடிபிடித்திருந்தால் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் சோடா உப்பு போட்டுப் பத்து நிமிடம் சிறுதீயில் வைத்தால் இளகிவிடும். கம்பி நார் கண்ணாடியைக் கீறிவிடும், கீறல்களில் அப்புறம் எப்போதும் கறை ஏறும். மஞ்சள் கறை வெயில் பட்டால் மங்கும், சமையலறைக்குள்ளேயே வெயில் விழும் இடத்தில் வைத்தால் போதும். ஜன்னல் விளிம்பிலும் தாழ்வாரக் கட்டையிலும் ஐந்து கிலோ இரும்பை வைக்கவே வைக்காதீர்கள். மாடிவீட்டிலிருந்து அது விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கே ஆபத்து.

சட்டியின் விளிம்பில் பூச்சு மெல்லிசாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. இங்குள்ள ஈரக்காற்றுக்கு அங்கே துரு பிடிக்கும். துடைத்து உலர்த்தி, விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, மூடிக்கும் சட்டிக்கும் நடுவே துணி மடித்து வைத்தால் காற்றும் போகும், விளிம்பும் உரசாது.

மீந்த குழம்பைச் சட்டியிலேயே இரவு முழுக்க விடுவது நம் வீடுகளில் பழக்கம். சூடு தங்கும் பாத்திரத்தில் அது கூடுதல் ஆபத்து. 5 முதல் 60 டிகிரிவரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது. கனமான சட்டி அந்த இடைவெளியை மிக மெதுவாகக் கடக்கும். சாப்பிட்டு முடித்ததும் குழம்பை அகலமான டப்பாவுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வெளிப்புறத்தில் எனாமல் கொஞ்சம் பெயர்ந்தால் பயமில்லை, துரு வராமல் எண்ணெய் தடவிக்கொண்டு தொடர்ந்து சமைக்கலாம். உட்புறத்தில் சில்லாகப் பெயர்ந்திருந்தால் அதில் சமைப்பதை நிறுத்துங்கள். பெயர்ந்த இடத்தைச் சுற்றி மேலும் சில்லுகள் உதிர்ந்து குழம்பில் விழலாம், அவை கண்ணாடித் துண்டுகள். பல நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதம் தருவதால், தூக்கிப்போடுமுன் வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.